மேற்கு கிளேரில் ஒரு வாரம்: கில்கீயா, லஹிஞ்ச்சா?

#1 தஞ்சைப்பெண்

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட்டில் ஒரு வாரம் டப்ளினை விட்டு, அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் கிளேர் மாவட்டக் கடற்கரைப் பக்கம் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், பிள்ளைகள் இருவர் (9, 6), ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. ஆனால் கடலைப் பார்த்தபடி நாள் முழுக்க உட்காரச் சொன்னால் உட்காருவார்.

அலுவலகத்தில் பாதிப்பேர் லஹிஞ்ச் என்கிறார்கள். லிமெரிக்காரர் ஒருவர் மட்டும் "கில்கீ இருக்கும்போது வேறு எங்கே?" என்று கேட்டுவிட்டுக் காபி எடுக்கப் போய்விட்டார், காரணமே சொல்லவில்லை. படங்களில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன: மணல், மேகம், ஐஸ்கிரீம் கையில் பிள்ளைகள். இணையத்தில் தேடினால் அத்தனை சின்ன ஊருக்குள் வாடகை வீடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. அது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 லிமெரிக்வாசி

அவர் காரணம் சொல்லமாட்டார். லிமெரிக்கில் பிறந்தவர்கள் கில்கீயைத் தேர்ந்தெடுப்பதில்லை. தாத்தா போனார், அப்பா போனார், அதனால் இவர்களும் போகிறார்கள். ஜூலை மாதம் கில்கீ கடற்கரைச் சாலையில் நடந்தால் லிமெரிக்கில் உங்கள் பக்கத்துத் தெருவில் இருப்பவர்களை வரிசையாகப் பார்க்கலாம். சிலருக்கு அதுவே போகாமல் இருக்கக் காரணம்.

இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கில்கீ ஒரு சிறிய மீனவர் குடியிருப்பு. கடலில் குளித்தால் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கை பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பரவியிருந்த காலம் அது. லிமெரிக் வியாபாரிகளுக்கும் ஆசை வந்தது. சாலை மோசம், ஆனால் வாசலிலேயே ஷானன் ஆறு. நீராவிப் படகில் ஏறி ஆற்றோடு போய்க் கில்ரஷ்ஷில் இறங்கி, அங்கிருந்து குதிரை வண்டியில் சுமார் 13 கிலோமீட்டர் போனால் கில்கீ. படகு வந்த பிறகு ஊரில் வாடகைக்கு விடுவதற்கென்றே வீடுகள் எழுந்தன. அவற்றை லாட்ஜ் என்பார்கள். இன்றும் கடலைப் பார்த்து நிற்கும் பழைய வீடுகளில் பல அந்த வழியில் வந்தவை.

ஷார்லட் பிராண்டி 1854-இல் திருமணமான கையோடு தேனிலவுக்கு வந்த ஊர்களில் கில்கீயும் ஒன்று. தங்கிய விடுதிக்குள் குறைகள் உண்டு, ஆனால் வெளியே இருக்கும் கடலும் பாறையும் அதற்கு ஈடு கட்டிவிடுகின்றன என்ற பொருளில் கடிதம் எழுதியிருக்கிறார். 170 ஆண்டு கழித்தும் பல வாடகை வீடுகளுக்கு இதே விமர்சனத்தை அப்படியே ஒட்டலாம்!

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். லஹிஞ்ச் கரை திறந்த கரை. அட்லாண்டிக் அலை நேராக வந்து அடிக்கும். அதனால்தான் அங்கே சர்ஃபிங் பள்ளிகள். மோஹர் செங்குத்துப் பாறைகளும் பக்கம். கில்கீ விரிகுடா குதிரை லாடம் மாதிரி வளைந்தது, அதன் வாயில் டக்கர்னா என்ற பாறைத்திட்டு. பெரிய அலைகள் அதில் மோதி வலிமை இழந்த பிறகுதான் உள்ளே வரும். 6 வயதுப் பிள்ளைக்கும் முழங்கால் வலிக்கும் எது தோது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். கடற்கரைச் சாலை முழுக்க மேடு பள்ளம் இல்லாத நடைபாதை, உட்கார இடம் உண்டு, கச்சேரி மேடை ஒன்றும் இருக்கிறது. அத்தைக்கு அது போதும்.

#3 அலைநாடி

மேலே சொன்னது சரிதான், ஆனால் பாதி. பாறைத்திட்டு இருப்பதால் கில்கீ கடல் எப்போதும் சாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் கால்வே பக்கம் கடல் நீச்சல்காரன், கில்கீக்கு அடிக்கடி வருபவன். தனியாக எழுத வேண்டிய விஷயம் இது.

ஊரின் மேற்குக் கோடியில் பொல்லாக் ஹோல்ஸ் என்று பாறைக்குள் இயற்கையாக அமைந்த குளங்கள் இருக்கின்றன. கடல் ஏறும்போது அவை முழுகிவிடும். இறங்கும்போது பாறை வெளியே வரும், குளங்களில் புதிய நீர் நின்றிருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை கடலே தொட்டியைக் கழுவி நிரப்பிக் கொடுக்கிற நீச்சல் குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நண்டு, கடற்பாசி, சின்ன மீன் எல்லாம் தெரியும். பிள்ளைகளுக்கு ஒரு நாள் முழுதும் போதாது.

ஆனால் ஒன்று. கடல் நன்றாக இறங்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஓரிரு மணி நேரம்தான் அங்கே போக முடியும். ஏற்ற இறக்க நேரங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், ஒவ்வொரு நாளும் அது ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று மூன்று மணிக்குப் போனோமே, இன்றும் மூன்று மணிக்கே போவோம் என்று கணக்கு போடக் கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிகவும் கீழே போகும், திரும்பும்போதும் வேகமாக ஏறும். பாறை பாசி பிடித்து வழுக்கும். அத்தையை அங்கே அழைத்துப் போகாதீர்கள்.

பிள்ளைகள் குளிக்க மணல் கரைதான். கோடையில் லைஃப்கார்டு இருப்பார்கள். மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருப்பார்கள், அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் இறங்க வேண்டும். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம். ஆகஸ்ட்டில்கூட நீரின் வெப்பம் 16 டிகிரி அளவில்தான் இருக்கும். 'வெட்சூட்' (உடல் சூட்டைக் காக்கும் நீச்சல் உடை) இல்லாமல் பிள்ளைகளை நீண்ட நேரம் விடாதீர்கள். கடலில் யாராவது தத்தளிப்பதைப் பார்த்தால் 112 அல்லது 999, "கோஸ்ட் கார்டு" (கடலோர மீட்புப் படை) என்று கேளுங்கள். நீங்கள் குதிக்காதீர்கள்.

இந்தக் கடலுக்குப் பழைய கணக்குகள் உண்டு. 1850 நவம்பரில் லிமெரிக்கிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்வோரை ஏற்றிப் புறப்பட்ட 'எட்மண்ட்' என்ற கப்பலைப் புயல் திருப்பியடித்து இந்த விரிகுடாவுக்குள்ளேயே கொண்டுவந்து போட்டது. அயர்லாந்தின் பெரும்பஞ்சக் காலம். பசிக்குத் தப்பிக் கிளம்பியவர்களில் 98 பேர் கரைக்கு எட்டும் தூரத்தில் செத்துப்போனார்கள். இடத்துக்கு இன்றும் எட்மண்ட் பாயிண்ட் என்றுதான் பெயர். அதற்கு முன், 1836 ஜனவரியில் 'இன்ட்ரின்சிக்' என்ற கப்பல் செங்குத்துப் பாறைக்கு அடியில் மாட்டி உடைந்தது. மேலே ஊர் மக்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், கயிறு எட்டவில்லை. அந்த வளைவுக்கும் கப்பலின் பெயரே நிலைத்துவிட்டது.

நம் காலத்திலும் நடந்திருக்கிறது. 2016 செப்டம்பரில் கில்கீ அருகே காணாமல் போன ஒருவரைத் தேடிய படகு கவிழ்ந்து, கோஸ்ட் கார்டு தன்னார்வலர் ஒருவர் இறந்தார். அயர்லாந்து கோஸ்ட் கார்டில் பணியின்போது உயிரிழந்த முதல் தன்னார்வலர் அவர்.

பயமுறுத்த எழுதவில்லை. போங்கள், நன்றாக இருக்கும். நேரம் பார்த்துப் போங்கள், அவ்வளவுதான்.

#4 தஞ்சைப்பெண்

அலைநாடி அண்ணா, இதை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கணவர் கையில் கொடுத்துவிட்டேன். மிக்க நன்றி.

கார் ஓட்டுவது அவர் ஒருவர்தான், அதனால் கேட்கிறேன். கில்கீ வரை ரயில் உண்டா?

#5 ரயில்பிரியன்

கேட்டுவிட்டீர்கள். இனி நெறியாளர் வந்தாலும் நிறுத்தமாட்டேன்.

இப்போது இல்லை. கிளேர் மாவட்டத் தலைநகர் எனிஸ் வரை ரயில், அங்கிருந்து பஸ். லிமெரிக்கிலிருந்து எனிஸ் வழியாக கில்கீ போகும் 336 பஸ் இருக்கிறது, நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இருந்தது! வெஸ்ட் கிளேர் ரயில்வே. மூன்றடி அகலக் குறுகிய பாதை. 1885 ஜனவரியில் அயர்லாந்து அரசியல் தலைவர் பார்னெல் வந்து முதல் மண் வெட்டித் தொடங்கிவைத்தார். 1887-இல் எனிஸிலிருந்து மில்டவுன் மால்பே வரை, 1892-இல் அங்கிருந்து கில்ரஷ், கில்கீ வரை. மொயாஸ்டா என்ற இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்து ஒன்று கில்ரஷ்ஷுக்கும் மற்றொன்று கில்கீக்கும் போகும். லிமெரிக்வாசி சொன்ன படகு, குதிரை வண்டிச் சிரமமெல்லாம் இதோடு குறைந்தது. சாதாரணக் குடும்பங்களும் ஒரு நாள் போய்த் திரும்ப முடிந்தது.

வேகம்தான் பிரச்சினை. 1896 ஆகஸ்ட் 10 அன்று பெர்சி ஃபிரெஞ்ச் என்ற பாடகர் கில்கீயில் கச்சேரி செய்ய இந்த ரயிலில் வந்தார். வழியில் எஞ்சினுக்கு நிரப்பிய தண்ணீரில் பாசி கலந்திருந்ததால் வண்டி நின்றுவிட்டது. மணிக்கணக்கில் தாமதமாக வந்து சேர்ந்தபோது கூட்டத்தில் பெரும்பகுதி வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மனிதர் சும்மா இருக்கவில்லை. வருமான இழப்பு என்று ரயில்வே மேல் வழக்குப் போட்டு, 1897-இல் 10 பவுண்டு இழப்பீடு வாங்கினார். அதோடும் விடவில்லை. சில ஆண்டுகளில் 'ஆர் யி ரைட் தேர் மைக்கேல்' என்று அந்த ரயிலைக் கிண்டல் செய்து ஒரு பாட்டும் கட்டினார். ரயில்வே கம்பெனி 10 பவுண்டைக் கட்டி முடித்துவிட்டது, பாட்டிலிருந்து மட்டும் இன்றுவரை தப்பவில்லை. அயர்லாந்தில் அந்தப் பாட்டைத் தெரியாத பெரியவர்கள் குறைவு.

ஆனால் நான் ரயில்வே கட்சி. அந்தப் பாதை கடலோரமாகப் போகிறது, கில்டி பக்கம் காற்று எப்படி அடிக்கும் தெரியுமா? பெட்டிகளே கவிழ்ந்திருக்கின்றன. பிறகு கில்டி நிலையத்தில் காற்றின் வேகத்தை அளக்கக் கருவி வைத்து, காற்று ஓர் அளவைத் தாண்டினால் பெட்டியில் பாரம் ஏற்றுவது, இன்னும் தாண்டினால் வண்டியையே நிறுத்துவது என்று விதி போட்டார்கள். வானிலையைப் பார்த்து ரயில் விட்டவர்களைச் சோம்பேறிகள் என்றால் எப்படி?

1950களில் டீசல் வண்டிகள் வாங்கிப் போட்டுப் புத்துயிர் கொடுத்தார்கள். சில ஆண்டுகள்தான், 1961 ஜனவரி 31 அன்று மூடிவிட்டார்கள். புது எஞ்சின் வாங்கிவிட்டு மூடிய அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை. மொயாஸ்டாவில் பழைய நிலையத்தில் சிறு தூரம் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். 'ஸ்லீவ் காலன்' என்ற நீராவி எஞ்சின் அங்கே இருக்கிறது. கில்கீயிலிருந்து காரில் பத்து நிமிடம். திறந்திருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

#6 கேள்விக்குறி

ரயில்பிரியன், மேல்முறையீட்டு விசாரணைக்கே பெர்சி ஃபிரெஞ்ச் தாமதமாக வந்து, "நான் வெஸ்ட் கிளேர் ரயிலில் வந்தேன், ஐயா" என்று நீதிபதியிடம் சொன்னதாக ஒரு கதை உண்டே, அதை விட்டுவிட்டீர்கள்?

#7 ரயில்பிரியன்

வேண்டுமென்றேதான் விட்டேன். கதை ரொம்ப அழகாக இருக்கிறது. இவ்வளவு அழகாக எதுவும் நீதிமன்றத்தில் நடப்பதில்லை.

#8 லிமெரிக்வாசி

கதைகள் என்று வந்தாச்சு, இரண்டு சிலை, சித்திர விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், ஊரில் பார்ப்பீர்கள்.

ஒன்று, கையில் மட்டையோடு ஒருவர் பந்து அடிக்கும் வெண்கலச் சிலை. ரிச்சர்ட் ஹாரிஸ். ஹாரி பாட்டர் முதல் இரண்டு படங்களில் டம்பிள்டோராக வந்தாரே, அவர்தான். லிமெரிக்கில் பிறந்தவர், கோடை முழுக்க கில்கீயில் வளர்ந்தவர். இந்த ஊருக்கென்றே ஒரு ராக்கெட்ஸ் ஆட்டம் உண்டு. கடலோரச் சுவரில் பந்தை மர மட்டையால் அடித்து ஆடுவது. அதற்கு டிவோலி கோப்பை என்று ஒரு போட்டி. 1948 முதல் 1951 வரை நான்கு ஆண்டும் அதை வென்றவர் ஹாரிஸ். அதனால்தான் சிலையில் மந்திரக்கோல் இல்லை, மட்டை இருக்கிறது. 2006-இல் நடிகர் ரசல் குரோ வந்து திறந்துவைத்தார்.

இரண்டாவது சே குவேரா. சிவப்பும் கறுப்புமாக உலகம் முழுக்க டி-சர்ட்டில் இருக்கிற அந்த முகத்தை 1968-இல் வரைந்தவர் டப்ளின் ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக். அவர் பதின்ம வயதில் கில்கீ ராயல் மரீன் ஹோட்டலில் கோடை வேலை பார்த்தபோது சே குவேராவே உள்ளே வந்து விஸ்கி கேட்டாராம். ஷானன் விமான நிலையத்தில் விமானம் நின்றுவிட்ட நேரம் அது. இதை வைத்து ஊரில் சில ஆண்டுகள் ஒரு விழாகூட நடத்தினார்கள்.

#9 கேள்விக்குறி

"வந்தாராம்". அந்த "ஆம்" ரொம்ப முக்கியம்.

ஃபிட்ஸ்பேட்ரிக் வரைந்தது உண்மை. கியூபப் புகைப்படக்காரர் கோர்டா 1960 மார்ச்சில் எடுத்த படத்தை வைத்து வரைந்தார். 2017-இல் அயர்லாந்து அஞ்சல் துறை அதைத் தபால்தலையாகவே வெளியிட்டு ஏகப்பட்ட சண்டை நடந்தது. இதிலெல்லாம் எனக்குத் தகராறு இல்லை. கில்கீ சந்திப்புக்கு மட்டும் ஃபிட்ஸ்பேட்ரிக்கின் நினைவைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆண்டுகூட ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகிறது.

சே அயர்லாந்து வந்ததற்குப் பதிவான சாட்சி இரண்டு உண்டு. 1964 டிசம்பரில் டப்ளின் விமான நிலையத்தில் ஆர்.டி.இ. தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். 1965 மார்ச்சில் ஷானனில் விமானம் நின்றுவிட, லிமெரிக் நகருக்குப் போய் ஒரு மாலைப் பொழுதைக் கழித்தார். ஆக, லிமெரிக்காரர்களுக்குக் கையில் உண்மையான கதையே இருக்கிறது. அதை விட்டுவிட்டு கில்கீ கதையைக் கொண்டாடுகிறார்கள்.

#10 லிமெரிக்வாசி

கில்கீயில் கடல் இருக்கிறது, லிமெரிக்கில் மழை மட்டும்தான். நீங்கள் விழா எங்கே வைப்பீர்கள்?

எனக்கு அந்தச் சந்திப்பு நடந்திருக்கலாம் என்றே படுகிறது. அந்தக் காலத்தில் கியூப விமானங்கள் எரிபொருள் நிரப்ப ஷானனில் நிற்கும். அங்கிருந்து கடற்கரை ஊர் ஒன்றும் வெகுதூரமில்லை. சேயின் தந்தை வழியில் லிஞ்ச் என்ற ஐரிஷ் குடும்பப் பெயரும் உண்டு. நடக்க முடியாத கதை இல்லை.

#11 கேள்விக்குறி

நடக்க முடியும் என்பது வேறு, நடந்தது என்பது வேறு. நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

#12 நெறியாளர்

நல்லது. இழை தொடங்கியவரின் கேள்வி விடுமுறை பற்றியது. சே குவேராவுக்குத் தனி இழை திறந்துகொள்ளலாம். பக்கத்து டூன்பெக் கோல்ஃப் மைதானத்தையும் அதன் உரிமையாளர் டிரம்ப்பையும் பற்றி யாராவது ஆரம்பித்தால் அன்றே பூட்டுவேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

#13 கிளேர்நர்ஸ்

தஞ்சைப்பெண் முதல் பதிவில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். இவ்வளவு வாடகை வீடு இருப்பது நல்லதா கெட்டதா என்று. ரயிலும் சேயும் வந்ததில் அதை யாரும் தொடவில்லை. நான் மேற்கு கிளேரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் நான் சொல்கிறேன்.

ஒரு வாரம் வருகிறவர்களுக்கு நல்லது. இங்கேயே வாழ வேண்டியவர்களுக்கு அப்படி இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கில்கீயில் ஒரு வீடு கிடைத்தது. செப்டம்பரில் குடிபோனேன். மே மாத இறுதியில் காலி செய்துவிட வேண்டும் என்பது முதலிலேயே பேச்சு. ஜூன் பிறந்தால் அதே வீட்டுக்கு ஒரு வார வாடகை, நான் ஒரு மாதத்துக்குக் கொடுத்ததைத் தாண்டிவிடும். வீட்டுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், கணக்குப் பார்த்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். கோடை மூன்று மாதம் ஒரு தோழியின் வீட்டு ஹாலில் படுத்துக்கொண்டு நைட் ஷிஃப்ட் போனேன். அப்புறம் எனிஸ் பக்கம் மாறிவிட்டேன். இன்னும் அங்கிருந்துதான் வந்து போகிறேன்.

ஊரில் வீடு இல்லாமல் இல்லை. ஆண்டு முழுக்க ஊரில் இருப்பவர்கள் ஆயிரம் பேர் அளவில்தான், வீடுகள் அதற்கு மிக அதிகம். நவம்பர் இரவு வண்டியில் வந்தால் வரிசை வரிசையாக இருட்டு வீடுகள், நடுவில் ஒன்றிரண்டு ஜன்னலில் மட்டும் வெளிச்சம். இது தானாக நடக்கவில்லை. 1995 நிதிச் சட்டத்தில் கடற்கரை ஊர்களுக்கென்று ஒரு வரிச்சலுகை கொண்டுவந்தார்கள். கில்கீ, லஹிஞ்ச், பாலிபன்னியன், பண்டோரன், எனிஸ்க்ரோன், ட்ராமோர், கோர்ட்டவுன் என்று மொத்தம் 15 இடங்கள். விடுமுறை வீடு கட்டினால் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பழைய விடுதிகள் பாழாகிக் கிடக்கின்றன, ஊர்களைப் புதுப்பிக்கிறோம் என்பது நோக்கம். நடந்தது என்ன? வரி மிச்சம் பிடிக்க வேண்டிய டாக்டரும் வக்கீலும் வீடு வாங்கிப் போட்டார்கள். ஒரே அச்சில் வார்த்த வீடுகள் ஊரைச் சுற்றி எழும்பின. சலுகைக் காலம் முடிந்தது, வீடுகள் நிற்கின்றன.

#14 லிமெரிக்வாசி

நர்ஸம்மா, உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் ஊரைக் கெடுத்தது வரிச்சலுகை என்று மட்டும் சொன்னால் ஒத்துக்கொள்ள முடியாது. நான் மேலே எழுதியதுபோல, கில்கீ என்ற ஊரே வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடத்தான் வளர்ந்தது. விக்டோரியா காலத்து லாட்ஜும் விடுமுறை வீடுதான். அதுவும் குளிர்காலத்தில் காலியாகத்தான் கிடந்திருக்கும். அதை அழகு என்று படம் எடுக்கிறோம், 1997-இல் கட்டினதை மட்டும் சாபம் என்கிறோம். பணம் வராவிட்டால் அந்த ஊரில் இன்று கடைகூட இருக்காது. 1980களில் மக்கள் மலிவு விமானத்தில் ஸ்பெயின் போகப் பழகியபோது ஐரிஷ் கடற்கரை ஊர்கள் என்ன நிலையில் இருந்தன என்று பழையவர்களைக் கேளுங்கள்.

ஊர் பிழைத்திருப்பதற்குக் கோடைக் கூட்டம்தான் காரணம். ஜூனில் 'ஹெல் ஆஃப் தி வெஸ்ட்' ட்ரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் சேர்ந்த போட்டி) நடக்கிற வார இறுதியில் போய்ப் பாருங்கள், காலை வைக்க இடம் இருக்காது.

#15 கிளேர்நர்ஸ்

> விக்டோரியா காலத்து லாட்ஜும் விடுமுறை வீடுதான்

சார், வித்தியாசம் இருக்கிறது. லாட்ஜில் வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள். சமைக்க, துவைக்க, பால் கொண்டுவர, குதிரை வண்டி ஓட்ட ஊர்க்காரர்கள் வேண்டியிருந்தது, அந்த ஊர்க்காரர்கள் இருக்க அங்கேயே வீடும் இருந்தது. இப்போது வருகிறவர்கள் எனிஸில் பெரிய சூப்பர்மார்க்கெட்டில் பொருள் வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வருகிறார்கள், சாவி ஒரு பெட்டியில் இருக்கிறது, வீட்டுச் சொந்தக்காரர் முகம் தெரியாது. கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கோடையில் ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கே தங்குவது? வேலைக்கு ஆள் கிடைக்காமல் வாரத்தில் சில நாட்கள் மூடிவைக்கிற உணவகத்தை ஜூலையிலேயே பார்த்திருக்கிறேன். முழு வீடுகள் காலியாக இருக்கும்போது.

நான் வராதீர்கள் என்று சொல்லவில்லை. பணம் வரட்டும். அது ஊரில் குடியிருக்க ஒரு வீடாகவும் மாறட்டும் என்றுதான் சொல்கிறேன்.

#16 கேள்விக்குறி

இந்த விவாதத்தில் நான் நர்ஸ் பக்கம். லாட்ஜ் கட்டியவன் லாபத்துக்காகக் கட்டினான், நஷ்டம் வந்தாலும் அவனுடையது. 1995 வீடுகளைக் கட்டியதில் வரி கட்டும் எல்லோருடைய பணமும் இருக்கிறது. அப்படியானால் அது யாருக்கு உதவுகிறது என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

#17 லிமெரிக்வாசி

சரி, கேட்கலாம். கேட்டுவிட்டு என்ன செய்வது? 2009 முதல் 2013 வரை இரண்டாவது வீட்டுக்கு ஆண்டுக்கு 200 யூரோ கட்டணம் போட்டுப் பார்த்தார்கள். கட்டிவிட்டுப் போனார்கள், ஒருவர்கூட வீட்டை விற்றதாக நான் கேள்விப்படவில்லை.

#18 கிளேர்நர்ஸ்

இப்போது இருப்பதும் அப்படித்தான். காலி வீட்டு வரி என்று 2023-இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டில் 30 நாளாவது யாராவது தங்கியிருந்தால் அந்த வரி கிடையாது. கில்கீ மாதிரி ஊரில் ஜூலை ஒரு மாதமே போதும். பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கிற வீடு சட்டத்தின் கண்ணில் காலி வீடு இல்லை.

#19 தஞ்சைப்பெண்

இவ்வளவு படித்த பிறகு வீடு பதிவு செய்யவே கை கூசுகிறது. நர்ஸ் அக்கா, ஹோட்டலில் தங்கினால் ஊருக்கு உபயோகமா? ஆனால் அத்தை சைவம், வெங்காயம் பூண்டுகூட சில நாள் கிடையாது. சமையலறை இல்லாமல் ஒரு வாரம் தள்ள முடியாது.

#20 கிளேர்நர்ஸ்

அட, நீங்கள் கூச வேண்டியதில்லை. ஊர்க்காரர்களே விடுகிற வீடுகளும் உண்டு. சொந்தக்காரர் அதே ஊரில் இருக்கிறாரா என்று செய்தி அனுப்பிக் கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். படுக்கை அறையும் குளியலறையும் கீழ்த்தளத்தில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். கடலோரப் பழைய வீடுகளில் மாடிப்படி செங்குத்து, அத்தைக்கு ஆகாது.

பருப்பு, அரிசி, புளி எல்லாம் டப்ளினிலேயே கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். காய், பால், ரொட்டி ஊரிலேயே வாங்குங்கள். கடற்கரைச் சாலையில் காகிதப் பையில் 'டில்லிஸ்க்' என்று காய்ந்த சிவப்புக் கடற்பாசி விற்பார்கள். உப்புக்கரிக்கும், சைவம்தான். பக்கத்திலேயே வேகவைத்த கடல் நத்தையும் ஓர் ஊசியோடு கொடுப்பார்கள், குத்தி எடுத்துத் தின்ன. அது உங்கள் கணவருக்கு.

#21 அலைநாடி

அத்தைக்கு ஒன்று. மேற்குக் கோடியில் பொல்லாக் ஹோல்ஸ் பக்கம் வண்டி நிறுத்துமிடமும் ஒரு கஃபேயும் இருக்கின்றன. அங்கிருந்து பாறையோரமாகப் பாதை போகிறது, தொடக்கத்தில் தளம் போட்டது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாலே காட்சி போதும். காரில் கடலோரமாகத் தெற்கே போனால் பிஷப்ஸ் தீவு தெரியும். கரையிலிருந்து அறுந்து நிற்கும் செங்குத்துப் பாறை, மேலே ஆதிக் கிறிஸ்தவத் துறவிகள் கட்டிய கல் குடிலின் மிச்சம். பஞ்சத்தில் மக்களுக்குப் பங்கு கொடுக்க மனமில்லாமல் உணவை எடுத்துக்கொண்டு ஒரு பிஷப் அங்கே போய் ஒளிந்தாராம். புயலில் இடைவெளி அகலமாகி, திரும்ப முடியாமல் அங்கேயே பட்டினியில் செத்தாராம். கேள்விக்குறி, இதிலும் "ஆம்" போட்டிருக்கிறேன்.

ஒரு நாள் ஒதுக்கி லூப் ஹெட் கலங்கரை விளக்கம் வரை போய்வாருங்கள். வழியில் பிரிட்ஜஸ் ஆஃப் ராஸ். ஒரு காலத்தில் மூன்று கல் வளைவுகள், இரண்டைக் கடல் தின்றுவிட்டது, ஒன்று நிற்கிறது. திரும்பும்போது காரிகஹோல்ட்டில் டால்பின் பார்க்கும் படகு உண்டு. ஷானன் முகத்துவாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட டால்பின்கள் நிரந்தரமாக வாழ்கின்றன, பார்க்கும் வாய்ப்பு அதிகம். அத்தை படகில் ஏற வேண்டாம் என்றால் கரையில் இருக்கட்டும்.

#22 ரயில்பிரியன்

மொயாஸ்டாவை யாரும் மறந்துவிடாதீர்கள்.

#23 தஞ்சைப்பெண்

கில்கீயில் வீடு பதிவு செய்துவிட்டேன். சொந்தக்காரம்மா இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார், படுக்கை அறை கீழேயே. ஒரு நாள் லஹிஞ்ச் போய் மூத்தவனுக்கு சர்ஃபிங் வகுப்பு. அலைநாடி அண்ணா, நாங்கள் போகும் வாரம் பௌர்ணமி வருகிறது. பொல்லாக் ஹோல்ஸ் போகும் நாளில் எத்தனை மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று எப்படிக் கணக்கு போடுவது?

#24 அலைநாடி

கில்கீக்கான அட்டவணையில் கடல் மிகவும் இறங்கியிருக்கும் நேரத்தைப் பாருங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள், அந்த நேரம் வந்ததும் பிள்ளைகளை நீரிலிருந்து எடுத்துத் துடைக்க ஆரம்பியுங்கள். அரை மணியில் மேலே வந்துவிடலாம். கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளும் அந்த ஒரு மணியை அட்டவணையில் சேர்த்திருக்கிறார்களா என்று கட்டாயம் பார்க்கவும், சிலவற்றில் சேர்த்திருக்க மாட்டார்கள்.